விரலுக்குத் தகுந்த வீக்கம்

ஒரு கையால் பிடித்து, அதே கையின் பெருவிரலால் திரையின் நான்கு மூலைகளையும் தொடக்கூடிய கைத்தொலைபேசி வேண்டும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். விற்பவர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். அது மலிவாக இருக்க வேண்டும், விழுந்தால் தாங்க வேண்டும், ஐந்து வருடமாவது உழைக்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னால் பரிதாபம் சிரிப்பாக மாறும். "அப்பிடி ஒண்டும் இப்ப வாறேல்லை அக்கா. இதை எடுங்கோ, மாசம் முப்பத்தைஞ்சு யூரோதானே" என்பார். லாச்சப்பலிலும் ஈஸ்ற்ஹாமிலும் ஸ்காபரோவிலும் வசனம் ஒன்றுதான். நாணயம் மட்டும் மாறும்.

சிறியது, உறுதியானது, மலிவானது. ஒரு குடை வாங்கும்போது இந்த மூன்றையும் கேட்டால் எவரும் சிரிப்பதில்லை. கத்தி வாங்கும்போதும், சாப்பாட்டுப் பெட்டி வாங்கும்போதும் சிரிப்பதில்லை. நாள் முழுவதும் கையில் இருக்கும் பொருளுக்குக் கேட்டால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது? இந்தச் சிரிப்பை யார் பழக்கினார்கள், அதற்கு நாம் எவ்வளவு தூரம் ஒத்தூதினோம் என்பதைப் பேசுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொய்யை ஒதுக்கிவிடலாம். அப்படி ஒரு பொருள் செய்யவே முடியாது என்பது அந்தப் பொய். நொக்கியா 1100 வெளிவந்தது 2003இல். உள்ளங்கைக்குள் அடங்கும். தூசி புகாத விசைப்பலகை, தலையில் ஒரு சிறிய ரோர்ச். இருபத்தைந்து கோடிக்கும் மேல் விற்றது. உலகில் வேறெந்தக் கைத்தொலைபேசியும் அவ்வளவு விற்றதில்லை என்றே சொல்வார்கள். அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள். மின்சாரம் போகும் ஊர்களில் அந்த ரோர்ச்சின் அருமை தெரிந்தவர்கள்.

பிறகு தொடுதிரை வந்தது. 2007இல் வந்த முதல் ஐபோனின் திரை மூன்றரை அங்குலம். 2012இல் நான்கு அங்குலமாயிற்று. பெரிய திரைகள் வந்துவிட்ட பின்னரும், 2016இல் 'எஸ்இ' என்ற பெயரில் நான்கு அங்குலத்தை அப்பிள் திரும்பக் கொண்டுவந்தது. 2020இலும் 2021இலும் 5.4 அங்குல 'மினி' வந்தது; 2022இல் புதிய மினி வரவில்லை, அதன் இடத்தில் 'பிளஸ்' வந்து உட்கார்ந்தது. சோனியின் 'கொம்பக்ற்' வரிசை 2018உடன் முடிந்தது. 5.9 அங்குலத்தில் நல்ல தொலைபேசிகளைச் செய்துகொண்டிருந்த அசுஸ், 2024இல் 6.78 அங்குலத்துக்குத் தாவியது. கடைசிக் கதவும் 2025இல் சாத்தப்பட்டது. 4.7 அங்குல எஸ்இ 2022இல் பிரித்தானியாவில் 419 பவுண்ஸுக்கு வந்திருந்தது. அதன் இடத்துக்கு வந்த 16இ 6.1 அங்குலம், விலை 599 பவுண்ஸ். சிறியதும் போயிற்று, மலிவும் போயிற்று.

கேட்டால் கம்பனிகளிடமும் அவற்றுக்காகப் பேசும் விமர்சகர்களிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "சிறியதைச் செய்து பார்த்தோம், சனம் வாங்கவில்லை." இது பாதி உண்மை. மினி மற்ற மொடல்களை விடக் குறைவாக விற்றது உண்மைதான். ஆனால் அது 2020இல் வந்தபோது பிரித்தானியாவில் 699 பவுண்ஸ். சிறிய தொலைபேசியை விரும்புகிறவர் எல்லோரும் அந்த விலை கொடுக்கக்கூடியவரா? ஐந்து வருட மென்பொருள் உத்தரவாதமும் தாராளமான பற்றரியும் உள்ள சிறியதொரு தொலைபேசியை இருநூற்றைம்பது யூரோவுக்கு எந்தப் பெரிய கம்பனி வைத்துப் பார்த்தது? வைக்காத கடையில் வாங்கவில்லை என்று வாடிக்கையாளரைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்பதால் அவர்களுடைய தேவையைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்ற வாதத்தைத் தமிழரிடம் கொண்டுவராதீர்கள். அந்த வாதத்தை நாம் வேறு இடங்களில் வேண்டிய அளவு கேட்டுவிட்டோம்.

பெரிய திரையின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவாக விழுவதில்லை. மேசையில் வேலை செய்பவருக்கு அது மேசைமீது கிடக்கும். உணவகச் சமையலறையிலும், விடுதி அறைகளைத் துப்புரவாக்குவதிலும், முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இருத்துவதிலும் நாளைக் கழிப்பவருக்கு அது உடம்போடு கிடக்க வேண்டிய பொருள். குனியும்போது பொக்கற்றிலிருந்து வழுக்கி விழுகிறது. ஒரு கையில் பிள்ளையோ பையோ இருக்க, மற்றக் கையால் பேருந்தில் அழைப்பை எடுக்க முடிவதில்லை. பெண்களின் உடுப்புகளில் பொக்கற் என்று தைத்திருப்பதில் பாதிக்குமேல் அலங்காரம். இன்றைய உச்ச விலை மொடல்கள் 230 கிராம் அளவில் இருக்கின்றன. 2021இன் மினி 141 கிராம். பெருவிரல் மூட்டு வலிக்கிறது என்று சொல்லும் ஐம்பது வயதுப் பெண்ணின் கையில் இருப்பது என்ன எடை என்று ஒருமுறை பாருங்கள்.

"வயதானவர்களுக்குப் பெரிய திரைதானே வசதி?" என்று கேட்பீர்கள். பார்வை குறைந்தவருக்குப் பெரிய எழுத்து வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. வீட்டில் கதிரையில் இருந்து பேரப்பிள்ளையின் முகம் பார்க்கும் அம்மம்மாவுக்குப் பெரிய திரை நல்லது. அவருக்கு அதை வாங்குங்கள். அதே பொருளை, கைநடுக்கம் உள்ள இன்னொருவருக்கும் தட்டுக் கழுவும் ஒருவருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் வேறு வழியில்லாமல் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். வீக்கம் விரலுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் ஒன்றும் அறியாதவர்களல்லர்.

சரி, கம்பனிகள் லாபத்துக்காகச் செய்கின்றன. நாம் எதற்காகச் செய்கிறோம்?

புலம்பெயர்ந்த வாழ்வில் கைத்தொலைபேசி ஒரு சாட்சிப்பத்திரமாகிவிட்டது. வந்து சேர்ந்தேன், வேலை செய்கிறேன், வென்றுவிட்டேன் என்பதற்கான சாட்சி. கலியாண வீட்டில் மேசைமேல் முகம் மேலே தெரிய வைக்கப்படும். சாமத்தியச் சடங்கில் தலைக்குமேல் உயர்த்தப்படும். ஊருக்குப் போகும்போது கையில் இருப்பது போன வருட மொடலாக இருந்தால், "என்ன, வெளிநாட்டில இருந்து வந்தும் இதையோ வைச்சிருக்கிறாய்?" என்று கேட்க ஆள் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பயந்து, மாதச் சம்பளத்தை நெருங்கும் பொருளைத் தவணையில் எடுக்கிறோம். எடுத்துவிட்டு, அது உடைந்துவிடுமே என்ற பயத்தில் அதற்கு ஒரு தடித்த உறை வாங்கிப் போடுகிறோம். பெரியதை இன்னும் பெரியதாக்கி, கண்ணாடியின் அழகுக்குக் காசு கொடுத்து, அந்த அழகை றப்பரால் மூடுகிறோம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் யூரோவுக்கு வாங்கி இரண்டு வருடத்தில் மாற்றினால் மாதம் நாற்பத்தொரு யூரோவுக்கு மேல். இருநூற்றைம்பது யூரோவுக்கு வாங்கி, நடுவில் ஐம்பது யூரோ கொடுத்துப் பற்றரி மாற்றி, ஐந்து வருடம் பாவித்தால் மாதம் ஐந்து யூரோ. வித்தியாசம் வருடத்துக்கு நானூறு யூரோவுக்குமேல். இதில் தவணை ஒப்பந்தத்தோடு ஒட்டிவரும் விலைகூடிய இணைப்பை நான் சேர்க்கவில்லை. பிரான்ஸில் 2012 ஜனவரியில் ஃப்ரீ மொபைல் இரண்டு யூரோ இணைப்போடு சந்தைக்கு வந்த பின்னர், தொலைபேசியை ஓரிடத்திலும் இணைப்பை வேறிடத்திலும் வாங்குவதே கெட்டித்தனம் என்பதைப் பிரெஞ்சுக்காரர் விளங்கிக்கொண்டார்கள். எம்மில் எத்தனை பேர் விளங்கிக்கொண்டோம்?

"அவரவர் காசு, அவரவர் விருப்பம்" என்பது அடுத்த பதில். விருப்பமானால் எனக்குப் பேச்சில்லை. ஆனால் வகுப்பில் பிள்ளை கேலிக்குள்ளாகும் என்று பயந்து இரண்டாவது வேலைக்குப் போகும் தகப்பனின் செலவை விருப்பம் என்று சொல்ல என் நா எழவில்லை. அது வரி. கூச்சம் என்ற பெயரில் எமது சமூகம் தன்னிடமே அறவிடும் வரி.

இந்த இடத்தில் சிலர் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். "தொடுதிரையே வேண்டாம், பழைய பட்டன் தொலைபேசிக்குத் திரும்புவோம்" என்பார்கள். அழகான யோசனை. வங்கிக் கணக்கும் நிரந்தரக் குடியுரிமையும் கையில் உள்ளவர்களுக்குப் பொருந்தும். பிரித்தானியாவில் வதிவிட அனுமதி அட்டைகள் 2024 டிசம்பர் 31உடன் காலாவதியாகின. அவற்றின் இடத்தில் இணையவழி விசா வந்தது. வீடு வாடகைக்கு எடுப்பதற்கும் வேலையில் சேர்வதற்கும் எமது இருப்பை நிரூபிக்கும் பத்திரம் இன்று ஒரு கணக்கு. அதைத் திறக்கும் இலக்கம் வந்து விழுவது பெரும்பாலும் கைத்தொலைபேசியில். பழைய வலையமைப்புகளும் மூடப்படுகின்றன: ஜெர்மனி 2021இல் 3ஜியை நிறுத்தியது, அவுஸ்திரேலியா 2024 ஒக்ரோபரில் நிறுத்தியது. அகதிக்கு நல்ல தொலைபேசி ஆடம்பரம் என்று பேசும் வெள்ளை அரசியல்வாதிக்கும், அகதி எளிமைக்குத் திரும்ப வேண்டும் என்று பேசும் எமது கவிஞருக்கும் ஒரே பதில்தான்: கடவுச்சீட்டு இருக்கும் பெட்டியை எவரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. அந்தப் பெட்டி உறுதியாக இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த சமூகம் நாம். பல வீடுகளில் பாட்டனின் படம் என்று இருப்பது அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த ஒன்று. இன்று இறந்துபோன தாயின் குரல், ஊர் வீட்டு முற்றம், கடைசியாக வைபரில் வந்த படம் எல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டியின் ஆயுளை நிர்ணயிப்பது பசைபோட்டு ஒட்டிய ஒரு பற்றரி. அது ஊதிப் பெருத்தால் திரை பிளக்கும். திறக்கக் காசு கேட்பார்கள். "புதுசு எடுங்கோ" என்பார்கள். பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள் என்று சொல்வது சுகம். மாதாமாதம் சேமிப்பு வாடகை கட்டுவதும், கடவுச்சொல்லை ஞாபகம் வைப்பதும் எல்லோராலும் ஆகிற காரியமா? பொருள் நீடித்து உழைத்தால், திறந்து திருத்தக்கூடியதாக இருந்தால், பாதி இழப்பு நேராது.

பசை ஏன் என்று கேட்டால், "தண்ணீர் புகாமல் இருக்க" என்பார்கள். 2014இல் வந்த சாம்சுங் கலக்ஸி எஸ்5இன் பின்மூடியை நகத்தால் கழற்றிப் பற்றரியை மாற்றலாம். அதே தொலைபேசி ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணிநேரம் தாங்கும் ஐபி67 தரச்சான்றும் பெற்றிருந்தது. இரண்டும் ஒன்றாக முடியும் என்று பத்து வருடத்துக்கு முன்பே காட்டியாயிற்று. மறந்தது பொறியியலாளர்கள் அல்லர். பற்றரி கிழடாகும்போது தொலைபேசியின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை அப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பாவனையாளருக்குச் சொல்லாமல் செய்ததற்காகப் பிரான்ஸ் 2020இல் இரண்டரைக் கோடி யூரோ அறவிட்டது. அதற்கு முன்பே, 2018இல், பழைய தொலைபேசிகளை மந்தமாக்கிய மென்பொருளுக்காக இத்தாலி அப்பிளுக்கும் சாம்சுங்குக்கும் தண்டம் விதித்தது. மாற்றவேண்டியது ஒரு பற்றரி என்று தெரியாமல் முழுத் தொலைபேசியையே மாற்றியவர்கள் எத்தனை பேர்!

சட்டம் மெதுவாக அசைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் மொடல்களுக்குப் புதிய விதிகள்: விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் மென்பொருள் புதுப்பிப்பு, ஏழு வருடம் முக்கிய உதிரிப்பாகங்கள், எண்ணூறு தடவை நிறைத்து வெறுமையாக்கிய பின்னும் எண்பது வீதம் தாங்கும் பற்றரி. பெட்டியில் உள்ள முத்திரையில் விழுந்தால் தாங்கும் தரமும் திருத்துவதற்கான தரமும் எழுத்தில் இருக்க வேண்டும். 2027 பெப்ரவரி 18 முதல், பாவனையாளரே பற்றரியைக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற விதி வருகிறது. ஆனால் முன்வாசலைப் பூட்டிவிட்டு கோடிக்கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆயிரம் தடவைக்குப் பிறகும் எண்பது வீதம் தாங்கி, தண்ணீரும் புகாதிருந்தால் பசையைத் தொடரலாம். விலைகூடிய மொடல்கள் அந்தக் கதவால் வெளியேறிவிடும். சிறிய அளவில் ஒன்று செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை வாங்குபவர்கள்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன் வாங்கத் தெரிய வேண்டும். குறைந்த காசோடு கடைக்குப் போகிறவருக்கு நான் சொல்வது இவை.

திரையின் அங்குலத்தைப் பாராதீர்கள், அகலத்தைப் பாருங்கள். கைக்குள் அடங்குமா என்பதை அகலமே தீர்மானிக்கிறது. மினியின் அகலம் 64 மில்லிமீற்றர், 2022இன் எஸ்இ 67, கலக்ஸி ஏ16 ஏறக்குறைய 78. எழுபதுக்குள் என்றால் பெரும்பாலான கைகளுக்குச் சரி.

அடுத்தது ஆயுள். பழைய தொலைபேசி பாதுகாப்பற்றது என்று பயமுறுத்துவார்கள். புதுப்பிப்பு நின்றுபோனது பாதுகாப்பற்றது என்பதே சரி. மொடல் வெளிவந்த வருடத்தோடு கம்பனி வாக்களித்த வருடங்களைக் கூட்டி, இந்த வருடத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் வாங்கும் ஆயுள். கூகிள் பிக்சல் 8 வரிசைக்கு ஏழு வருடம், மலிவான கலக்ஸி ஏ16க்கு ஆறு வருடம் என்று வாக்கு உண்டு. 2025இல் வந்த ஐஓஎஸ் 26, 2019இன் ஐபோன் 11ஐயும் ஏற்கிறது. மலிவாகக் கிடக்கிறது என்று எடுத்த சிலவற்றில் இந்தக் கழித்தல் பூச்சியத்தில் முடியும்.

புதியதில் சிறியது இல்லையென்றால், திருத்திப் புதுப்பித்த பழையதில் தேடுங்கள். 13 மினியும் 2022இன் எஸ்இயும் இன்னும் கிடைக்கின்றன. கடையில் வாங்குங்கள், பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வணிகரிடம் வாங்கும் பழைய பொருளுக்கும் குறைந்தது ஒரு வருடச் சட்ட உத்தரவாதம் உண்டு. காசு கொடுக்குமுன் *#06# அழுத்தி வரும் இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். முந்தியவரின் கணக்குப் பூட்டு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பற்றரியின் நிலை எண்பது வீதத்துக்குக் கீழே என்றால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சிறிய தொலைபேசியில் பற்றரியும் சிறியதுதான். அதை மறைத்து விற்க நான் விரும்பவில்லை. நாள் முழுவதும் படம் பார்ப்பவருக்கு அது போதாது. அழைப்பு, செய்தி, வங்கி, வழி தேடல் என்று பாவிப்பவருக்கு நல்ல பற்றரி மாலைவரை தாங்கும்.

உறுதி என்பது முதுகிலும் இருக்கிறது. கண்ணாடி முதுகு இரண்டாவது தடவை உடையும் இடம்; பிளாஸ்ரிக் முதுகை மலிவு என்று இகழாதீர்கள். வளைந்த திரையைத் தவிருங்கள். உங்கள் தெருவில் திருத்துகிறவரிடம் வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணை, இதுக்கு ஸ்கிறீனும் பற்றரியும் கிடைக்குமோ, எவ்வளவு முடியும்?" அவருடைய பதில் எந்த விளம்பரத்தையும் விடப் பெறுமதியானது. அப்படித் திருத்தும் எமது இளைஞர்கள் எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதைக் கஞ்சத்தனம் என்று பேசும் வாயை முதலில் திருத்த வேண்டும்.

கடைசியாக, இந்தப் பொருளைச் செய்கிற கைகள். ஸ்ரீபெரும்புதூரில் நொக்கியா 2006இல் தொழிற்சாலை திறந்தது. 2014 நவம்பரில் மூடியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதே வட்டாரத்தில் இன்று ஃபொக்ஸ்கொன் ஐபோன்களைப் பொருத்துகிறது. பொருத்துபவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப் பலர் மருத்துவமனைக்குப் போக, அவர்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இறங்கி இருந்தார்கள். உள்ளே இருக்கும் தந்தாலத்தின் ஒரு பகுதி கிழக்குக் கொங்கோவிலிருந்து, ஆயுதக் குழுக்களின் வரிவசூலைத் தாண்டி வருகிறது. போரில் நிலமும் உயிரும் இழந்த மக்களுக்கு இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. தொலைபேசி இல்லாமல் இருக்க முடியாது. ஒன்றை ஏழு வருடம் வைத்திருக்க முடியும். இரண்டு வருடத்துக்கு ஒன்று மாற்றுவதோடு ஒப்பிட்டால், அது இரண்டு மூன்று தொலைபேசிகளை மண்ணிலிருந்து தோண்டாமல் விட்டதற்குச் சமன்.

ஆகவே கடைகளில் கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் அடுத்தமுறையும் கேளுங்கள். ஐரோப்பாவில் வாக்குள்ளவர்கள் தமது உறுப்பினர்களுக்கு எழுதுங்கள்: கோடிக்கதவைச் சாத்தச் சொல்லி, சிறிய கைகளும் பாவனையாளரின் கைகளே என்று சொல்லி. சங்கக் கூட்டங்களில் பழைய தொலைபேசியை வெட்கமில்லாமல் மேசைமேல் வையுங்கள். பிள்ளைகளுக்கு முதல் தொலைபேசி வாங்கும்போது, அதைத் திருத்தும் இடத்தையும் காட்டிக் கொடுங்கள். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று கோயில் வாசலில் நின்று சொல்லும் நாம், கடை வாசலிலும் அதைச் சொல்லிப் பழக வேண்டும்.